போகாத ஊருக்கு ஒரு வழி

நாளெல்லாம் நடந்தும் எங்கும் போய்ச் சேராதிருப்பது, பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு தண்டனை. பொறியாளர் வில்லியம் க்யூபிட் 1818இல் சிறைகளுக்கென வடிவமைத்த மிதிசக்கரத்தில் கைதிகள் மணிக்கணக்கில் படியேறினர். ஏற ஏறப் படிகள் கீழிறங்கின. சில சிறைகளில் அது தானியம் அரைத்தது, சிலவற்றில் வெறும் காற்றை அரைத்தது. நம் ஊர்ச் செக்குமாட்டின் உழைப்பிலாவது எண்ணெய் மிஞ்சும். 1895இல் சிறைப்பட்ட ஆஸ்கார் வைல்டும் அச்சக்கரத்தை மிதித்தவர்தாம். 1898ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு முடிவு கட்டியது.

ஆனால், நின்ற இடத்திலேயே நடக்கவைக்கும் அந்த உத்தி மருத்துவமனைக்குள் வேறு உருவில் நுழைந்தது. 1963இல் சியாட்டில் நகர மருத்துவர் ராபர்ட் புரூஸ், ஓடும் பட்டையின் மேல் நோயாளியை நடக்கவிட்டு இதயத்தைச் சோதிக்கும் முறையை வகுத்தார். 1987இல் மான்ட்ரியலில் பார்போவும் ரோசிஞோலும், தண்டுவடம் துண்டிக்கப்பட்ட பூனைகளை டிரெட்மில்லில் பழக்கி, பின்னங்கால்கள் மீண்டும் அடியெடுத்து வைப்பதைக் காட்டினர். நடையின் தாளத்தில் ஒரு பகுதி தண்டுவடத்திலேயே உறைகிறது என்பது உறுதியாயிற்று. இதன் தொடர்ச்சியாக, 1990களில் பெர்லினில் ஸ்டெஃபான் ஹெஸ்ஸெ, பக்கவாதத்தால் நடையிழந்தவர்களைக் கச்சையில் தொங்கவிட்டு, உடல் எடையில் ஒரு பங்கைக் குறைத்து, டிரெட்மில்லில் நடக்கப் பழக்கினார்.

எனினும் பக்கவாதம் கண்டவரின் ஏக்கம் காலை அசைப்பதோடு தீர்வதில்லை. தெருவைக் கடக்க வேண்டும் என்பதே அது. ஓடும் பட்டையில் மேடு பள்ளமில்லை, எதிரே வருபவரில்லை. அக்குறையை நிரப்ப வந்தது மெய்நிகர் உலகம். 1968இல் ஐவன் சதர்லாண்ட் உருவாக்கிய தலைக்கருவி, கனம் தாங்காமல் கூரையிலிருந்து தொங்கவேண்டியிருந்தது. நாற்பதாண்டுகள் கழித்து, 2008இல் வெளியான தைவான் ஆய்வொன்றில், டிரெட்மில்லின் முன்னிருந்த திரையில் தைபேயின் சந்தும் சாலையும் பூங்காவும் விரிந்தன. பங்கேற்றோர் 20 பேரே. திரையோடு பயின்றவர்கள், வெறும் பட்டையில் பயின்றவர்களைவிட வெளியே வேகமாக நடந்தனர்.

இதைக் கொண்டு நாம் பொறியைக் கொண்டாடிவிடலாகாது. 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வு 408 பேரை ஓராண்டு தொடர்ந்தது. கச்சையும் டிரெட்மில்லும் பெற்றவர்கள், இயன்முறை மருத்துவரின் துணையோடு வீட்டிலேயே வலுவும் சமநிலையும் பயின்றவர்களை விஞ்சவில்லை. இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறினர்.

இவ்வரலாற்றில் நாம் காண்பது இதுவே: பொறி தன்னளவில் கொடியதுமன்று, அருமருந்துமன்று. சிறைக்கைதிக்குப் போக ஊரில்லை. நோயாளிக்கோ வாசற்படியும் தெருமுனையும் காத்திருக்கின்றன. திரையில் தெரிவதாயினும், தோள் கொடுப்பவர் கைகாட்டுவதாயினும், அந்தத் தெரு கண்முன் இருக்கையில் நின்ற இடத்து நடையும் பயணமாகிறது.