கருத்தடை தவிர்ப்பு

குழந்தை வேண்டாம், அல்லது இப்போதைக்கு வேண்டாம் என்றிருக்கும் பெண் அதற்கான முறை எதையும் கைக்கொள்ளாதிருப்பது கருத்தடை தவிர்ப்பு. இதை அறியாமை என்று ஒதுக்குவது பழைய வழக்கம். கணக்கெடுப்புகள் அதற்கு இடம் தருவதில்லை. 52 வளரும் நாடுகளின் தரவுகளைத் தொகுத்து குட்மாக்கர் நிறுவனம் 2016-இல் வெளியிட்ட அறிக்கையில், இத்தகைய மணமான பெண்களில் 26 விழுக்காட்டினர் பக்கவிளைவு அச்சத்தையும், 24 விழுக்காட்டினர் உறவு அரிதாகவே நேர்வதையும், 23 விழுக்காட்டினர் தம்முடைய அல்லது பிறருடைய எதிர்ப்பையும், 20 விழுக்காட்டினர் தாய்ப்பால் கொடுப்பதையும் காரணமாகச் சொன்னார்கள்.

பெங்களூருக்குக் கருத்தடையில் தனி வரலாறு உண்டு. நகர் அடங்கியிருந்த மைசூர் சமஸ்தானம் 1930-இலேயே அரசுக் கருத்தடை மையங்களுக்கு ஆணையிட்டது. உலகில் இதுவே முதல் அரசு முயற்சி என்பர். தமிழர் மிகுந்த கண்டோன்மென்ட் பகுதியும் அதைச் சேர்ந்த ரிச்சர்ட்ஸ் டவுனும் 1947 வரை பிரிட்டிஷ் நிர்வாகத்தில் இருந்ததால், மகாராஜாவின் ஆணை எல்லைக்கு வெளியே நின்றன.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) கர்நாடகத்தில் மணமான பெண்களில் ஏறத்தாழ 57 விழுக்காட்டினர் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவை நாடு முழுவதிலுமே 0.3 விழுக்காடுதான். இரண்டு பெற்றதும் ஆபரேஷன் என்ற ஏற்பாட்டில், அதற்கு முந்தைய ஆண்டுகள் கவனிப்பாரற்றுப் போகின்றன. நாள் தள்ளிப்போவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான்.

காப்பர்-டி மேலே ஏறிவிடும், மாத்திரை சாப்பிட்டால் பிறகு கரு தங்காது என்ற அச்சங்கள் வீட்டுக்கு வீடு கைமாறுகின்றன. இரண்டும் மருத்துவ உண்மைகள் அல்ல; ஆனால் காப்பர்-டி போட்டபின் உதிரப்போக்கு மிகுவது உண்மை, அதைப் பொறுமையாக விளக்க நெரிசல் மிகுந்த வெளிநோயாளர் பிரிவில் நேரம் கிடைப்பதில்லை. பால் கொடுக்கும்வரை கரு நிற்காது என்ற நம்பிக்கை பாதி சரி: மாதவிலக்கு திரும்பாமல், குழந்தைக்கு ஆறு மாதம் நிரம்பாமல், தாய்ப்பால் மட்டுமே கொடுத்தால் பாதுகாப்பு உண்டு. பசும்பாலோ கஞ்சியோ புகட்டத் தொடங்கியதும் அது தளர்கிறது. பிரசவத்துக்குப் பிந்தைய முதல் விலக்குக்கு முன்பே கருமுட்டை வெளிப்படலாம் என்பதால், விலக்கு வரட்டும் என்று காத்திருப்பவர் ஏமாறுகிறார். கணவர் வெளியூரில் வேலை பார்க்கும் வீடுகளில் தினசரி மாத்திரை வீண்வேலையாகத் தெரிகிறது. அவர் விடுப்பில் வருவதோ திடீரென்று.

தவிர்ப்பு கர்ப்பத்தில் முடிந்தால் சட்டத்திலும் வேறுபாடு உண்டு. 1971-ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம், பயன்படுத்திய முறை தோற்றதால் வந்த கர்ப்பத்தைக் கலைப்புக்கான காரணமாகத் தனியே குறிப்பிடுகிறது. 2021 திருத்தம் அதை மணமாகாத பெண்களுக்கும் விரித்தது. முறை எதையும் பயன்படுத்தாதவளுக்கு அது பொருந்தாது. உடல், மன நலத்துக்குக் கேடு என்னும் பொதுப் பிரிவையே அவள் நாட வேண்டும்.