கண்ணாடி இழையும் கதிர்வீச்சும்



இன்று தொலைபேசியில் நாம் பேசும் பேச்சும், பார்க்கும் படமும் நெடுந்தூரம் கடந்து வருவது பெரும்பாலும் கண்ணாடி வழியாகத்தான். தலைமயிர் பருமனே உள்ள கண்ணாடி இழைக்குள் ஒளி ஓடுகிறது. அந்த இழை கதிர்வீச்சின் முன்னே என்ன பாடுபடுகிறது என்பதே இன்றைய பேச்சு. இந்தக் கதை, இழை பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

வெயில் படும் சன்னல் கண்ணாடிகள் சிலவற்றில் நாளடைவில் ஊதா நிறம் ஏறுவதைப் பற்றி 1825-ஆம் ஆண்டில் இங்கிலாந்து விஞ்ஞானி மைக்கேல் பாரடே எழுதினார். கண்ணாடியில் கலந்திருந்த மாங்கனீசு அதற்குக் காரணம். 1899-இல் பாரிஸ் நகரில் பியேர் கியூரியும் மேரி கியூரியும் தாங்கள் கண்டெடுத்த ரேடியக் கலவையை வைத்திருந்த கண்ணாடியும் அவ்வாறே நிறம் மாறியதை எழுதிவைத்தார்கள். அதே கதிர்கள் தோலையும் சுட்டன. 1901-இல் பியேர் கியூரி தம் கையிலேயே ரேடியத்தைக் கட்டிப் பார்த்து, புண் உண்டானதை அறிவித்தார். கண்ணாடி நிறம் மாறியபோதே அது ஓர் எச்சரிக்கை என்று யாரும் எண்ணவில்லையே என்று நமக்கு இன்று வருத்தமாக இருக்கிறது. மேரி அம்மையார் 1934-இல் இரத்தம் ஊறாத நோயால் காலமானார். ஆண்டுக்கணக்கில் கதிர்வீச்சில் உழைத்ததே அதற்குக் காரணம் என்பது பொதுவான கருத்து.

நிறம் ஏன் மாறுகிறது? ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ராபர்ட் போல் என்பவர் உப்புப் படிகங்களை ஆராய்ந்து இதற்கு வழிகாட்டினார். கதிர், பொருளுக்குள் இருக்கும் எலெக்ட்ரான் என்னும் நுண்துகளைத் தட்டிக் கழற்றுகிறது. அது அலைந்து, குறையுள்ள ஓரிடத்தில் சிக்கிக்கொள்கிறது. சிக்கிய இடம் ஒளியை விழுங்குகிறது. அதற்கு நிறமையம் என்று பெயர்.

இனி இழைக்கு வருவோம். ஒரு கிலோமீட்டர் ஓடிய பிறகு நூற்றில் ஒரு பங்கு ஒளி மிஞ்சினால் போதும், கண்ணாடி வழியே செய்தி அனுப்பலாம் என்று 1966-இல் சார்லஸ் காவ் என்ற சீன அறிஞர் ஹாக்கம் என்பவருடன் சேர்ந்து எழுதினார். அன்றைய கண்ணாடி அதற்குக் கிட்டவும் வரவில்லை. 1970-இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தார் அந்த எல்லையைத் தாண்டினார்கள். காவ் அவர்களுக்கு நோபல் பரிசு 2009-இல்தான் கிடைத்தது!

இங்கேதான் பழைய வினை திரும்பி வருகிறது. சன்னல் கண்ணாடி மெல்லியது. சற்றே மங்கினால் கண்ணுக்கே தெரியாது. இழையோ கிலோமீட்டர் கணக்கில் நீளுவது. ஒரு மீட்டருக்கு நூற்றில் ஒரு பங்கு ஒளி குறைந்தால், ஒரு கிலோமீட்டர் முடிவில் இலட்சத்தில் நான்கு பங்குதான் மிஞ்சும். மண்ணெண்ணெய் விளக்கின் சிம்னியில் படியும் புகை மெல்லியதுதான்; அப்படிப்பட்ட சிம்னிகளை ஆயிரக்கணக்கில் அடுக்கி வைத்து அதன் வழியே விளக்கைப் பார்த்தால் என்ன தெரியும்?

1974-இல் அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த சீகல், ஈவான்ஸ் ஆகியோர் இழைகளைக் கதிரில் வைத்து அளந்து முடிவுகளை வெளியிட்டனர். எல்லா இழையும் ஒன்றுபோல் கெடுவதில்லை என்பது இத்தகைய சோதனைகளால் தெளிவாயிற்று. பாஸ்பரஸ் கலந்த இழை வெகுவாக இருளும், இருள் எளிதில் நீங்காது. ஜெர்மானியம் கலந்தது அதைவிடத் தாங்கும். நடுப்பகுதி தூய சிலிக்காவாகவும், மேலுறை புளோரின் கலந்ததாகவும் இருந்தால் பொதுவாக இன்னும் நன்றாகத் தாங்கும்.

இருண்ட இழை ஓரளவு தானே தேறுவதும் உண்டு. பால்மரம் சீவியவர்களுக்குத் தெரியும், சீவிய இடத்தில் புதுப்பட்டை வளர்ந்து மூடும். அதுபோல, கதிர் நின்ற பிறகு சிக்கிய எலெக்ட்ரான்கள் மெல்ல விடுபடுகின்றன. சூடு பட்டால் விரைவாக விடுபடும். இழைக்குள் ஓடும் ஒளியே சில வேளைகளில் அந்தப் புண்ணை ஆற்றிவிடுவது நமக்கு வியப்பாக இருக்கிறது.

விண்வெளியிலும் சோதித்தார்கள். 1984 ஏப்ரலில் ஏவப்பட்ட ஒரு பெரிய செயற்கைக்கோளில் இழைகளும் சென்றன. ஓராண்டில் எடுத்துவர எண்ணியிருந்தார்கள். 1986-இல் சேலஞ்சர் ஓடம் வெடித்த துயரத்தால் திட்டம் தள்ளிப்போய், 1990 ஜனவரியில்தான் அதைக் கீழே கொண்டுவந்தார்கள்.

அணு உலைக்குள்ளும் துகள் முடுக்கிச் சுரங்கங்களிலும் இந்த அறிவு ஆட்களைக் காக்கிறது. எங்கே கதிர் அதிகம் என்று அளக்க, ஒரு காலத்தில் மனிதனே கருவியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டியிருந்தது. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில், 2008-இல் இயங்கத் தொடங்கிய பெரிய முடுக்கியின் சுற்றளவு 27 கிலோமீட்டர். செய்தி கொண்டுபோக அங்கே கதிரைத் தாங்கும் இழையைப் போட்டிருக்கிறார்கள். அந்த ஆய்வகத்தின் முடுக்கிகளில் கதிரை அளப்பதற்கோ, வேண்டாம் என்று ஒதுக்கிய அதே பாஸ்பரஸ் இழையை நீளமாக இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். வெளியிலிருந்து ஒளியைச் செலுத்தி, எந்த இடத்தில் எவ்வளவு இருண்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்கிறார்கள்.