இறப்பர்ப் பாலும் நெடுஞ்சங்கிலியும்

கண்டி மாநகருக்கு அணித்தே, மகாவலி கங்கை வளைந்து செல்லும் பேராதனையில் அமைந்த தாவரவியற் பூங்காவை அறியாத நேயர் இலர். 1876ஆம் ஆண்டில், விக்கம் என்பார் பிரேசிலிலிருந்து கொணர்ந்த விதைகள் இலண்டனை அடுத்த கியூ பூங்காவில் முளைத்தன. அவற்றுள் ஏறத்தாழ 1,900 கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவைற்சு காலத்தில், தாழ்நிலமாகிய ஹெனரத்கொடவில் அவை நடப்பட்டு மரங்களாயின. பின்னர்ப் பேராதனை அறிஞர் யோன் பார்க்கின், மரப்பாலை அசற்றிக்கமிலத்தால் உறையவைக்கும் முறையை 1899இல் வெளியிட்டார்.

பாலை உறைய வைக்கத் தெரிந்தது. ஆயின், உறைந்த பொருள் யாது? இவ்வினாவுக்கு அன்று ஒருவரும் தெளிவான விடை கூற இயலவில்லை. சிறு வளையங்கள் பல ஏதோ ஒரு கவர்ச்சியால் திரண்டதே இறப்பர் என்றார் செருமானிய அறிஞர் ஹரீசு. அன்று, ஆயிரக்கணக்கான அணுக்கள் தொடர்ந்து பிணைந்த ஒரே நெடுஞ்சங்கிலியே அது என்று 1920இல் எழுதினார் எர்மன் சுடவுடிங்கர். அவ்வளவு பெரிய மூலக்கூறு உலகில் இராது எனப் பலர் மறுத்தனர்.

வழக்கைத் தீர்க்க உதவிய சான்றுகளுள் ஒன்று, மெல்லிய கண்ணாடிக் குழாயும் கடிகாரமுமே. மரப்பால் நீரில் மிதக்கும் துணிக்கைகளின் கலவை, கரைசலன்று. எனவே உலர்ந்த இறப்பரைப் பென்சீன் போன்ற திரவத்திற் சிறிதளவே கரைத்தல் வேண்டும். மிகுதியாகக் கரைப்பின் சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். அக்கரைசல் குழாயின் வழியே வடிந்திறங்கும் நேரத்தை அளந்தால், அதன் பிசுக்குமை புலப்படும். ஒரே எடையுள்ள பொருளாயினும், குறுமூலக்கூறுகள் திரவத்தின் ஓட்டத்தை அதிகம் தடுப்பதில்லை. நெடுஞ்சங்கிலியோ, அவிழ்ந்த நூற்பந்துபோற் பரந்து, தன்னுள் திரவத்தையும் அடக்கி, ஓட்டத்தைத் தளர்த்துகிறது.

1820இல் ஆன்கொக் இறப்பரை எந்திரத்திலிட்டுப் பிசைந்தபோது அது மென்மையானதன் காரணமும் இதனால் விளங்கிற்று. பிசைதலாற் சங்கிலிகள் அறுகின்றன. ஆதலின் அதன் கரைசல் நீர்த்துக் காண்கிறது.

மூலக்கூற்று நிறை இரட்டித்தால், கரைந்த பொருள் பிசுக்குமையிற் சேர்க்கும் பங்கும் இரட்டிக்கும் என 1930 அளவில் சுடவுடிங்கர் வகுத்தார். சங்கிலிகள் விறைத்த கோல்களல்ல, நெகிழ்ந்து சுருள்வன என்பதைப் பின்வந்த மார்க்கு, ஊவிங்கு ஆகியோரின் ஆய்வுகள் கருத்திற் கொண்டன. அத்தகைய சங்கிலிகளுக்கு அப்பங்கு பெரும்பாலும் 1.4 முதல் 1.7 மடங்குவரையே உயரும். விதி திருந்தியது, நெடுஞ்சங்கிலி நிலைத்தது. 1953இல் தமது 72ஆம் வயதில் சுடவுடிங்கர் நோபெல் பரிசு பெற்றார்.

வைகறையிற் கத்தியும் சிரட்டையுமாகப் பால் வெட்டச் சென்ற தோட்டத் தொழிலாளர், அப்பேரறிஞர் பெயரைக் கேட்டிருக்கமாட்டார். எனினும், உலகம் ஐயுற்ற அந்நெடுஞ்சங்கிலி நாள்தோறும் அவர்தம் கைகளின் வழியே ஒழுகியது.