லூஸியின் பிடிவாதம்

அமெரிக்காவின் சி.பி.எஸ். நிறுவனத்தார், 1948 முதல் தங்கள் வானொலியில் ஒரு குடும்ப ஹாஸ்யத் தொடரை நடத்திக் கொடுத்துவந்த லூஸில் பால் என்னும் நடிகையை 1950ஆம் ஆண்டில் அணுகி, அதே தொடரை அப்போதுதான் தலையெடுத்து வந்த டெலிவிஷனுக்கும் நடித்துத் தரவேண்டும் என்று கேட்டபோது, அந்த அம்மையார் விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: கதையில் கணவனாக வருபவர் தம்முடைய சொந்தக் கணவர் டெஸி அர்னாஸாகவே இருக்க வேண்டும். அர்னாஸ் க்யூபாவில் பிறந்தவர். வாத்திய கோஷ்டி ஒன்றை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் பிரயாணம் செய்துவந்தவர். 1940இல் விவாகம் நடந்தது முதல் அவர் கச்சேரி மேடைகளிலும் இவர் ஸ்டூடியோக்களிலுமாகப் பிரிந்தே காலம் கழிந்துகொண்டிருந்தபடியால், இருவரும் ஒரே இடத்தில் வேலை பார்த்தாலொழிய இல்லறம் நிலைக்காது என்று லூஸில் கருதினார். உச்சரிப்பில் ஸ்பானிய வாடை வீசும் ஒரு க்யூபாக்காரரை ஓர் அமெரிக்கப் பெண்ணின் கணவனாக ஜனங்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று நிறுவனத்தார் ஆட்சேபித்தார்கள். இவரோ இறங்கி வரவில்லை. டெலிவிஷன் ஹாஸ்யம் என்னும் தொழிலின் சரித்திரத்தில் பின்னால் நேர்ந்தவை பலவும் இந்தப் பிடிவாதத்திலிருந்தே கிளைத்தன.

நியூயார்க் மாகாணத்து ஜேம்ஸ்டவுனில் 1911ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் தேதி பிறந்த லூஸில், நான்கு வயது நிரம்புமுன்பே தகப்பனாரை விஷ ஜுரத்துக்குப் பறிகொடுத்தவர். நடிப்புப் பயிலச் சென்ற நியூயார்க் பள்ளியில், உடன் பயின்ற பெட்டி டேவிஸ் பிரகாசித்துக்கொண்டிருக்க, கூச்சம் மிகுந்த இந்தப் பெண்ணுக்கு இத்துறையில் எதிர்காலமில்லை என்று ஆசிரியர்கள் தீர்ப்பளித்துவிட்டார்கள். அதன்பின் ஆடை விளம்பர மாடலாக இருந்து, 1933இல் ‘ரோமன் ஸ்காண்டல்ஸ்’ படத்தின் அழகியர் கூட்டத்தில் ஒருவராக ஹாலிவுட்டில் நுழைந்து, ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவிலும் பிறகு எம்.ஜி.எம்.மிலும் சம்பள நடிகையாகப் பல வருஷங்கள் உழைத்தும், முதல் வரிசை நட்சத்திரம் என்ற அந்தஸ்து அவருக்குக் கிட்டவில்லை. ஆயினும் அக்காலம் வீண்போகவில்லை. மௌனப்பட யுகத்தின் மகா விதூஷகரான பஸ்டர் கீட்டன், தம் புகழ் மங்கிய நாட்களில் எம்.ஜி.எம்.மில் இருந்தபோது, மேடைப் பொருள் ஒவ்வொன்றையும் ஒரு நடிகனைப்போல மதித்துக் கையாளும் வித்தையை இவருக்குப் போதித்தார்.

நிறுவனத்தாரின் சந்தேகத்தைத் தீர்க்க, 1950இல் தம்பதிகள் இருவரும் ஒரு வேடிக்கைக் காட்சியைத் தயாரித்துக்கொண்டு நாடக அரங்குகளில் நடத்தப் புறப்பட்டார்கள். ஒரு பெரிய செல்லோ வாத்தியத்தோடு வந்து அர்னாஸின் கோஷ்டியில் வேலை கேட்கும் அசட்டு வித்வானாக லூஸில் செய்த கோணங்கித்தனங்களைக் கண்டு சபையோர் குலுங்கிச் சிரித்தார்கள். கணவர் எந்த தேசத்தவர் என்று எவரும் விசாரிக்கவில்லை. சி.பி.எஸ். சம்மதித்தது.

அடுத்த தடை உடனே வந்தது. அக்காலத்து டெலிவிஷன் நிகழ்ச்சிகளிற் பெரும்பாலானவை நியூயார்க்கிலிருந்து நேரடியாக ஒளிபரப்பாயின. மற்றப் பிராந்தியங்களுக்கு, டெலிவிஷன் திரையையே காமிராவால் படம்பிடித்து எடுத்த மங்கலான பிரதிதான் போய்ச் சேரும். விளம்பரதாரரான பிலிப் மாரிஸ் சிகரெட் கம்பெனியார், ஜனத்தொகை மிகுந்த கிழக்குக் கரைக்கு அந்த மங்கல் பிரதியா என்று முகம் சுளித்தார்கள். தம்பதிகளோ ஹாலிவுட்டைவிட்டு அசைவதற்கில்லை என்றார்கள். பரிகாரமாக, சினிமாவைப்போல 35 மி.மீ. பிலிமில் எடுப்பதென்று தீர்மானமாயிற்று. அதனால் ஏறிய செலவை ஈடுகட்டத் தம்பதிகள் தங்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, அதற்குப் பிரதியாக அந்தப் பிலிமின் சொந்த உரிமையைக் கேட்டார்கள். ஒருமுறை ஒளிபரப்பாகித் தீர்ந்த நிகழ்ச்சிக்கு அப்புறம் என்ன விலை இருக்கப்போகிறது என்று எண்ணிய நிறுவனத்தார், அதைத் தயங்காமல் கொடுத்துவிட்டார்கள்.

லூஸில் சபையோரின் சிரிப்பைக் காதால் கேட்டால்தான் பிரகாசிக்கும் சுபாவமுடையவராகையால், ஸ்டூடியோவுக்குள்ளேயே சுமார் 300 பேர் உட்கார ஆசனங்கள் அமைத்து, மூன்று காமிராக்களை ஒரே சமயத்தில் ஓட்டி, நாடகத்தைப்போல் காட்சிகளை வரிசையாக நடித்துப் படமெடுத்தார்கள். ஜெர்மனியில் ‘மெட்ரோபொலிஸ்’ படத்தை ஒளிப்பதிவு செய்த கார்ல் ப்ராயண்ட், எந்தக் காமிராவிலிருந்து பார்த்தாலும் நிழல் விழாதபடி விளக்குகளை மேலே தொங்கவிட்டு, காமிராக்கள் நகருவதற்குத் தரையைக் காலியாக்கிக் கொடுத்தார். இவ்வாறு 1951ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் தேதி ‘ஐ லவ் லூஸி’ என்னும் தொடர் தொடங்கியது.

அம்மையாரின் கலைத்திறத்துக்கு, அத்தொடரில் 1952 மே மாதம் வெளியான டானிக் விளம்பரக் காட்சி ஒன்றே போதிய சான்று. கதாநாயகி லூஸி, ‘வைட்டமீட்டவெஜமின்’ என்று நாக்கைச் சுளுக்கவைக்கும் பெயருடைய டானிக்கைப் புகழ்ந்து பேசி, ஒரு கரண்டி அருந்தி, இனிக்கிறது என்று புன்னகை செய்ய வேண்டும். முதல் கரண்டியில் குமட்டலும் புன்னகையும் அந்த ஒரே முகத்தில் மல்லுக்கு நிற்கின்றன. மருந்தில் நூற்றுக்கு 23 பங்கு சாராயம். ஒத்திகையோ திரும்பத் திரும்ப நடக்கிறது. நாக்குத் தடிக்கிறது, பெயரின் எழுத்துக்கள் இடம் மாறுகின்றன, கரண்டியில் ஊற்றும் மருந்து கரண்டிக்கு வெளியே வழிகிறது, கடைசியில் கரண்டியே அநாவசியமாகிப் புட்டி வாய்க்குப் போகிறது. குடிபோதை படிப்படியாக ஏறுவதை இத்தனை நுணுக்கமான அளவுகளில் காட்டியவர், உண்மையில் அருந்தியது ஆப்பிளிலிருந்து எடுத்த பெக்டின் கூழை! அவருடைய அசட்டுத்தனம் அத்தனையும் ஒத்திகையில் அளந்து வைத்தவை.

அவ்வாண்டே லூஸில் கர்ப்பமுற்றபோது, அந்நிலையில் ஒரு ஸ்திரீயைத் திரையில் காட்டலாமா என்று பெரிய விவாதம் எழுந்தது. ‘கர்ப்பிணி’ என்ற சொல்லை உச்சரிக்காமல், கிறிஸ்தவ, யூத குருமார்களிடம் வசனங்களைக் காட்டிய பிறகே அக்காட்சிகள் எடுக்கப்பட்டன. 1953 ஜனவரி 19ஆம் தேதி, கதையில் லூஸிக்குப் பிள்ளை பிறந்த அதே தினத்தில் லூஸிலுக்கும் சத்திரசிகிச்சையால் ஆண் மகவு பிறந்தது. அன்றிரவு அந்தப் பாகத்தைக் கண்டவர்கள் 4 கோடியே 40 லட்சம் பேர். மறுநாள் ஐசன்ஹோவர் ஜனாதிபதிப் பதவியேற்றதைக் கண்டவர்களோ சுமார் 2 கோடியே 90 லட்சம் பேர்தான். பிரசவ ஓய்வுக்காகப் பழைய பாகங்களை மறுபடியும் ஒளிபரப்ப நேர்ந்தபோது, ஜனங்கள் அவற்றையும் விரும்பிப் பார்த்தார்கள். விலையற்றதென்று விட்டுக்கொடுத்த பிலிம் பொன்னாயிற்று. அதே உரிமையைப் பிற்பாடு சி.பி.எஸ்.ஸே ஏறக்குறைய 50 லட்சம் டாலர் கொடுத்துத் திரும்ப வாங்கியது. 1957இல் தம்பதிகளின் ‘டெஸிலு’ கம்பெனி, லூஸில் ஒரு காலத்தில் சம்பளத்துக்கு நடித்த ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவையே விலைக்கு வாங்கியது.

ஆனால், சேர்ந்திருப்பதற்காகத் தொடங்கிய தொழில், சேர்ந்திருக்க அவகாசமில்லாத அளவுக்குப் பெருத்துவிட்டது. அர்னாஸைக் குடியும் வேலைப்பளுவும் அரித்தன. 1960 மார்ச்சில் ஜோடியாக நடித்த கடைசிக் காட்சி முடிந்த மறுநாளே லூஸில் விவாகரத்துக்கு மனுச் செய்தார். 1962இல் கணவரின் பங்கை வாங்கிக்கொண்டு, ஹாலிவுட்டில் ஒரு பெரிய ஸ்டூடியோவின் தலைமையை ஏற்ற முதல் பெண்களில் ஒருவரானார். ‘ஸ்டார் ட்ரெக்’, ‘மிஷன் இம்பாஸிபிள்’ தொடர்கள் அவர் நிர்வாகத்தில்தான் உருவாயின. 1967இல் கம்பெனியை 1 கோடியே 70 லட்சம் டாலருக்கு விற்றபின்பும் 1974 வரை தொடர்களில் நடித்தார்; 1986இல் மீண்டும் முயன்ற தொடர் எடுபடவில்லை. 1989 ஏப்ரல் 26ஆம் தேதி காலமானார்.

சபையோர் முன்னிலையில் பல காமிராக்கள், பத்திரப்படுத்திய பிலிம், மறு ஒளிபரப்பில் வரும் வருமானம் ஆகிய இம்மூன்றையும் அர்னாஸின் வியாபார மேதைமைக்கு வரவு வைப்பது எழுதுவோர் வழக்கம். அதில் நியாயமுண்டு, கணக்குப் போட்டவர் அவரே. எனினும் அந்தக் கணக்குக்குத் தேவை ஏற்பட்டதே, கணவரோடு ஒரே ஊரில் வசிக்க வேண்டும் என்று ஒரு மனைவி சாதித்ததால்தான். எதற்காகப் பிடிவாதம் பிடித்தாரோ அது கைநழுவிப் போயிற்று. அவர் எண்ணியே பாராத ஒரு தொழில், அந்தப் பிடிவாதத்தின் பலனாக இன்றும் நடந்துகொண்டிருக்கிறது.