பங்கீட்டு அட்டையும் அப்பிள் கிரம்பிளும்

போர்களின் வரலாறு தளபதிகளின் பெயர்களாலும் களங்களின் பெயர்களாலும் எழுதப்படுவதே வழக்கம். அடுக்களையில் நடந்த போராட்டத்திற்கு அதில் இடம் கிடைப்பதில்லை. பிரித்தானியர் இன்றும் விரும்பி உண்ணும் 'அப்பிள் கிரம்பிள்' அத்தகையதொரு போராட்டத்தின் எச்சமாகும்.

செய்முறை மிக எளியது. தோல் நீக்கி நறுக்கிய 700 கிராம் அப்பிளைச் சிறிது சீனியுடன் ஒரு தட்டத்தில் பரப்ப வேண்டும். 150 கிராம் கோதுமை மாவில் 75 கிராம் பட்டரை விரல் நுனிகளால் பிசறி, உதிரியானதும் 75 கிராம் சீனியைக் கலந்து பழத்தின்மீது தூவ வேண்டும். 180 பாகை செல்சியஸ் சூட்டில் ஏறத்தாழ 40 நிமிடங்கள் வேகவிட்டால், மேலே மொறுமொறுப்பும் கீழே குழைந்த புளிப்புமாக வந்துவிடும்.

இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் பிரித்தானியா தனது உணவின் பெரும்பகுதியைக் கப்பல் வழியாகவே பெற்றது. ஜேர்மனியின் நீர்மூழ்கிகள் அக்கப்பல்களைக் குறிவைத்தன. 1940 ஜனவரி 8ஆம் திகதி பட்டர், சீனி, உப்பிட்ட பன்றியிறைச்சி ஆகியன பங்கீட்டுக்கு உட்பட்டன. அளவுகள் காலத்துக்குக் காலம் மாறினும், வளர்ந்த ஒருவருக்கு வாரமொன்றுக்குப் பொதுவாக 2 அவுன்ஸ் பட்டரும் 8 அவுன்ஸ் சீனியுமே கிடைத்தன. 1940 நவம்பரில் வாழைப்பழ இறக்குமதியும் நிறுத்தப்பட்டது.

எஞ்சியது உள்நாட்டு அப்பிள். 1809இல் நொட்டிங்ஹாம்ஷயரின் சவுத்வெல் என்னும் சிற்றூரில் ஊன்றப்பட்ட விதையிலிருந்து பிறந்த 'பிராம்லி' இனம், சமையலுக்கு உகந்தது. குளிர்காலம் முழுவதும் கெடாமல் இருக்கக்கூடியது. ஆனால் அதைக் கொண்டு வழமையான 'பை' செய்வதற்கு, அடியிலும் மேலிலும் மாத்தகடு வேண்டும். அதற்குக் கொழுப்பு அதிகம் தேவை. கிரம்பிளுக்கோ மேற்பரப்பில் ஒரு தூவலே போதும். பட்டருக்குப் பதில் மாஜரீன், மாவில் ஒரு பகுதிக்குப் பதில் ஓட்ஸ் அல்லது காய்ந்த பாண் தூள் என எதுவும் ஏற்கும். முட்டை வேண்டியதில்லை. தண்ணீர் சேர்த்துப் பிசையாததால் மா இறுகுவதுமில்லை. உருட்டித் தட்டும் கைத்திறனும் அவசியமில்லை.

கிரம்பிள் போரின்போதே பிறந்தது எனப் பலர் கூறுவர். ஆயினும் இதனையொத்த 'அப்பிள் கிரிஸ்ப்' 1924இலேயே அமெரிக்கச் சமையல் நூலொன்றில் அச்சாகிவிட்டது. ஆகவே போர் இப்பண்டத்தைப் படைத்தது என்பதை விட, அதன் தேவையை வீடுதோறும் உணர்த்தியது என்பதே பொருத்தம்.

போர் முடிந்தும் தட்டுப்பாடு முடியவில்லை. போர்க்காலத்தில்கூடப் பங்கிடப்படாத பாண், 1946 முதல் 1948 வரை பங்கிடப்பட்டது. சீனி 1953 செப்டெம்பரில் விடுபட்டது. 1954 ஜூலை 4ஆம் திகதி இறைச்சிக்கான கட்டுப்பாடு நீங்கியதுடன் பங்கீடு முற்றுப்பெற்றது.

இங்குதான் சிந்திக்க வேண்டிய விடயம் உள்ளது. தட்டுப்பாட்டுக்காக ஏற்கப்பட்ட உணவுகளில் பெரும்பாலானவை தாராளம் திரும்பியதும் கைவிடப்பட்டன. சாம்பல் நிறத் 'தேசியப் பாண்' அவற்றுள் ஒன்று. கிரம்பிளோ நிலைத்தது. பட்டர் தாராளமாகக் கிடைத்த பின்னரும் மக்கள் அதனைக் கேட்டுண்டனர். வறுமை ஓர் உணவை வீட்டுக்குள் அழைத்து வரலாம். அதனை அங்கே இருத்தி வைப்பது சுவை மட்டுமே. அச்சுவையைக் குறைந்த பொருளில் கண்டெடுத்தவர்கள் பெயரறியாத இல்லத்தரசிகள். அவர்களுக்கு நினைவுத்தூண் எதுவும் எழுப்பப்படவில்லை; எனினும் அவர்களது சமையல் இன்றும் மேசைக்கு வருகிறது.