மாஸி ஹாலில் மூணு ராத்திரி

விவசாயக் கருவி வித்த காசுல கட்டின ஒரு ஹால், அதுல 1976 ஜூன் 11, 12, 13 மூணு ராத்திரி பதிவான ஒரு ஆல்பம். ரஷ் குழுவோட 'ஆல் த வேர்ல்ட்ஸ் எ ஸ்டேஜ்' பத்தித்தான் இந்தப் பதிவு.

முதல்ல அந்தக் காசு. நான் இருக்கிற பார்க்டேல்ல இருந்து கிங் தெருவுல கிழக்கே நடந்தா 915-ம் நம்பர்ல ஒரு பழைய செங்கல் கட்டடம் வரும். இப்ப அடுக்குமாடி வீடுகள். ஒரு காலத்துல மாஸி-ஹாரிஸ் விவசாயக் கருவிக் கம்பெனியோட தலைமை ஆபீஸ். சென்னையில 1960-ல தொடங்கின டாஃபே கம்பெனி மாஸி ஃபெர்குசன் ட்ராக்டர் செஞ்சு வித்துச்சே, அதே மாஸிதான்! அந்தக் குடும்பத்து ஹார்ட் மாஸி, இறந்துபோன மகன் நினைவா டவுன்டவுன்ல கட்டி 1894-ல திறந்ததுதான் மாஸி ஹால். சுமார் 2,700 பேர் உட்காரலாம்.

சரி, ரஷ்சுக்கு வருவோம். மூணே பேர். பாட்டும் பேஸ் கிட்டாரும் கெடி லீ, கிட்டார் அலெக்ஸ் லைஃப்சன், ட்ரம்ஸ் நீல் பியர்ட் (2020-ல போயிட்டார்). கெடியோட அப்பா அம்மா நாஜி வதைமுகாம்ல இருந்து தப்பி வந்த யூதர்கள். அலெக்ஸோட பெற்றோர் செர்பியாக்காரங்க. கெடியோட நிஜப்பேரு கேரி. அம்மாவோட போலந்து உச்சரிப்புல அது 'கெடி' ஆகி அப்படியே நிலைச்சிடுச்சு. தாலுகா ஆபீஸ்ல இனிஷியல் மாறிப்போற நமக்கு இதெல்லாம் புதுசா என்ன :-)

1975-ல வந்த 'கேரஸ் ஆஃப் ஸ்டீல்' சரியா போகலை. அந்த டூருக்கு அவங்களே வச்சுக்கிட்ட பட்டப்பேரு, ஏறக்குறைய 'எல்லாம் நாசமாப் போச்சு டூர்'. நீளப் பாட்டெல்லாம் வேண்டாம், ரேடியோவுல ஓடுற மாதிரி சின்னதா போடுங்கன்னு கம்பெனி பக்கத்துல இருந்து நெருக்கடி. இவங்க என்ன பண்ணாங்க தெரியுமா? 1976-ல ஒரு பக்கம் முழுக்க, 20 நிமிஷத்துக்கு ஒரே கதையா '2112'-ஐப் போட்டாங்க. அது ஜெயிச்சுது. ஜெயிச்ச சூட்டோட சொந்த ஊர் ஹால்ல மூணு நாள் வாசிச்சு, செப்டம்பர்லயே ரெட்டை இசைத்தட்டா வெளியிட்டாங்க. அமெரிக்காவுல முதல் தடவையா டாப் 40-க்குள்ள, சரியா 40-ம் இடம். முதல் அத்தியாயம் முடிஞ்சதுங்கிற மாதிரி உறையிலேயே எழுதி வச்சிருந்தாங்க. அப்புறம் ரொம்ப நாளுக்கு நாலு ஸ்டுடியோ ஆல்பத்துக்கு ஒரு லைவ் ஆல்பம்னு கணக்கே ஆயிடுச்சு.

எனக்கு இதுல பிடிச்சதே ஒரு குறைதான். '2112' கதையில, இசையே தடை செஞ்ச உலகத்துல ஒருத்தன் பழைய கிட்டார் ஒண்ணைக் கண்டெடுத்து, தட்டுத்தடுமாறி சுருதி சேர்ப்பான். கதையோட உயிரே அங்கதான். மாஸி ஹால் பதிவுல அந்தப் பகுதி இல்லை! சுமார் 16 நிமிஷமா சுருக்கிட்டாங்க. கதை கேட்கிறவனுக்கு ஏமாற்றம்தான். ஆனா அந்த அமைதியான இடம் போனதால மொத்தமும் மூச்சு விடாத ஓட்டமா ஆயிடுது. வேலையை நிரூபிச்சே ஆகணும்னு நிக்கிற மூணு பசங்க வாசிக்கிற மாதிரி இருக்கு. முழுசா கேட்கணும்னா 1998-ல வந்த 'டிஃபரண்ட் ஸ்டேஜஸ்' இருக்கு. வாசிப்பு சுத்தம், கதையும் முழுசு. நான் திரும்பத் திரும்பப் போடறது என்னவோ 1976-ஐத்தான். 1981-ல வந்த 'எக்ஸிட் ஸ்டேஜ் லெஃப்ட்' ரொம்பவே துடைச்சு வச்ச மாதிரி, எனக்கு ஒட்டலை (சண்டைக்கு வரலாம்).

புதுசா கேக்கறவங்க நேரா '2112'-க்குப் போகாதீங்க. அதே ஆல்பத்துல 'லேக்சைட் பார்க்'னு ஒரு பாட்டு, பியர்ட் வளர்ந்த ஊர்ல ஏரிக்கரைப் பூங்கா பத்தினது. சுமார் அஞ்சே நிமிஷம்தான். அதுல ஆரம்பிங்க.