யாஹூ பங்கை ஏற்றியது யார்?

2012 ஜூலை 16 அன்று மரிஸ்ஸா மேயர் யாஹூவின் தலைமைச் செயல் அதிகாரியாக அறிவிக்கப்பட்டார். கூகுளில் இருபதாவது ஆளாகச் சேர்ந்தவர், அங்கே முதல் பெண் இன்ஜினியர். வயது 37. அப்போது கர்ப்பிணி வேறு. பத்திரிகைகளுக்குக் கேட்கவா வேண்டும், அட்டைப்படம் அட்டைப்படமாகப் போட்டுத் தள்ளினார்கள். யாஹூ பங்கின் விலை அன்று 16 டாலருக்கும் கீழே.

2017 ஜூனில் அவர் வெளியேறியபோது அதே பங்கு 50 டாலருக்கு மேல். ஐந்து வருடத்தில் மூன்று மடங்கு! வேறு எந்தக் கம்பெனியாக இருந்தாலும் வாசலில் சிலையே வைத்திருப்பார்கள். ஆனால் யாஹூவின் முதலீட்டாளர்களில் ஒரு பெரிய கோஷ்டி "இந்தம்மா தோற்றுவிட்டார்" என்றே கடைசிவரை சொன்னது. பணம் சம்பாதித்தவர்களே அப்படிச் சொன்னதுதான் வேடிக்கை.

இது புரிய வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ இருவரும் 1994-ல் ஆரம்பித்த யாஹூ, இணையம் என்றாலே யாஹூ என்ற காலத்தைப் பார்த்த கம்பெனி. (தமிழில் மரத்தடி, ராயர் காப்பி கிளப் எல்லாம் வாழ்ந்தது யாஹூ குழுமங்களில்தான்.) பிறகு கூகுள் வந்தது, ஃபேஸ்புக் வந்தது, கதை மாறியது. 2008 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் ஒரு பங்குக்கு 31 டாலர், மொத்தம் 4,460 கோடி டாலர் தருகிறேன் என்றது. பிறகு 33 வரை ஏறியது. யாங் 37 கேட்டார். மைக்ரோசாஃப்ட் மே மாதம் நடையைக் கட்டியது.

அதன் பிறகு யாஹூவின் தலைமை நாற்காலி பஸ் ஸ்டாண்டு பெஞ்சு மாதிரி ஆகிவிட்டது. யாங் போனார். 2009-ல் கரோல் பார்ட்ஸ் வந்தார். 2011 செப்டம்பரில் போனிலேயே வேலையை விட்டுத் தூக்கினார்கள். (அதை அவரே ஊழியர்களுக்கு மெயில் போட்டுச் சொன்னார்.) 2012 ஜனவரியில் ஸ்காட் தாம்ப்சன். இல்லாத கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம் ஒன்று அவருடைய குறிப்பில் இருந்ததை டேனியல் லோப் என்ற முதலீட்டாளர் கண்டுபிடித்துச் சொல்ல, மே மாதமே அவரும் காலி. லோபின் நிதியான தேர்டு பாயின்ட் யாஹூவில் பெரிய பங்கு வைத்திருந்தது. தாம்ப்சன் போன கையோடு லோபும் அவர் ஆட்கள் இருவரும் இயக்குநர் குழுவில் உட்கார்ந்தார்கள். அந்தக் குழுதான் மேயரைக் கொண்டுவந்தது.

இப்போது முக்கியமான விஷயம். 2005-ல் ஜெர்ரி யாங் ஒரு காரியம் செய்திருந்தார். சீனாவில் ஜாக் மா நடத்திய அலிபாபாவில் 100 கோடி டாலரையும் யாஹூவின் சீனத் தொழிலையும் கொடுத்து ஏறக்குறைய 40 சதவீதப் பங்கு வாங்கினார். மைக்ரோசாஃப்டை விரட்டினார் என்று யாங்கைத் திட்டாத ஆள் இல்லை. ஆனால் யாஹூ சரித்திரத்திலேயே நல்ல முதலீடு இதுதான், அதைச் செய்ததும் அவர்தான்.

ஒரு மளிகைக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். வியாபாரம் படுத்துவிட்டது. ஆனால் பழைய முதலாளி ஊருக்கு வெளியே வாங்கிப் போட்ட நிலத்துக்குப் பக்கத்திலேயே பைபாஸ் வந்துவிட்டது. இந்த நேரத்தில் கடைக்குப் புது மேனேஜர் வருகிறார். அந்தக் குடும்பத்தின் சொத்து மதிப்பு மூன்று மடங்காகிறது. மேனேஜர் கெட்டிக்காரர் என்பீர்களா?

மேயர் வருவதற்கு முன்பே, 2012 மே மாதம், கையில் இருந்த அலிபாபா பங்கில் பாதியை அலிபாபாவுக்கே விற்க ஒப்பந்தம் போட்டாகிவிட்டது. செப்டம்பரில் சுமார் 760 கோடி டாலர் வந்தது. அதில் பெரும்பகுதி வரி போக முதலீட்டாளர்களுக்கே திரும்பிப் போனது. லோப் 2013 ஜூலையில் 4 கோடி பங்குகளை 29.11 டாலர் வீதம் யாஹூவிடமே விற்றுவிட்டு, இயக்குநர் குழுவிலிருந்தும் விலகிக்கொண்டார். ஏறுகிற நேரத்தில் ஏறி, இறங்குகிற நேரத்தில் இறங்கியவர் அவர் ஒருவர்தான். மேயரைப் பாராட்டிவிட்டே போனார். ஏன் பாராட்ட மாட்டார்!

2014 செப்டம்பர் 19-ல் அலிபாபா நியூயார்க் பங்குச் சந்தைக்கு வந்தது. 68 டாலருக்கு வெளியிட்ட பங்கு முதல் நாளே 93 டாலரைத் தாண்டி முடிந்தது. அன்று யாஹூ பங்கு? இறங்கியது. அதுவரை அலிபாபாவை வாங்க முடியாமல் யாஹூவை வாங்கி வைத்திருந்தவர்கள் இனி நேராகவே வாங்கலாமே!

இங்கேதான் விவாதம் சூடு பிடித்தது. அனலிஸ்டுகள் ஒரு கழித்தல் கணக்குப் போட்டார்கள். யாஹூவின் மொத்தச் சந்தை மதிப்பிலிருந்து அலிபாபா பங்கு, யாஹூ ஜப்பான் பங்கு, கையிருப்புப் பணம் மூன்றையும் கழி. மிச்சம் இருப்பதுதான் மேயர் நடத்தும் தொழிலின் மதிப்பு. விடை சில சமயம் பூஜ்யத்துக்கும் கீழே போனது! மெயில், செய்தி, தேடல், கோடிக்கணக்கான வாடிக்கையாளர்கள், பல ஆயிரம் ஊழியர்கள் எல்லாம் சேர்ந்து மைனஸ்.

ஆனால் இந்தக் கணக்கை அப்படியே நம்பக் கூடாது. அலிபாபா பங்கை விற்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வரி போய்விடும். அந்த வரியைக் கழித்துப் பார்த்தால் தொழிலின் மதிப்பு மறுபடி பிளஸ்ஸுக்கு வரும். அதனால் முதலீட்டாளர்களின் சண்டையில் பாதி, மேயரின் திறமையைப் பற்றியதே அல்ல. வரி கட்டாமல் அலிபாபா பங்கை எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்பதைப் பற்றியது. 2015 ஜனவரியில் அதற்குத் தனிக் கம்பெனி ஒன்று பிரிப்பதாக மேயர் அறிவித்தார். அமெரிக்க வருமான வரித் துறை முன்கூட்டி உறுதி கொடுக்க மறுத்துவிட்டது. அந்த வருடம் டிசம்பரில் திட்டம் கைவிடப்பட்டது.

மேயர் பக்கத்து நியாயமும் சும்மா சொல்லிக் கழிக்கிற மாதிரி இல்லை. அவர் வந்தபோது யாஹூவில் மொபைல் தொழில் என்று சொல்லிக்கொள்ள ஏதும் இல்லை. 2015-ல் அதன் வருமானம் 100 கோடி டாலரைத் தாண்டியது. யாஹூவின் வானிலைச் செயலி 2013-ல் ஆப்பிளின் வடிவமைப்பு விருது வாங்கியது. தேடலில் கை வைக்கலாம் என்றால், பார்ட்ஸ் காலத்தில் 2009-ல் மைக்ரோசாஃப்டுடன் போட்ட பத்து வருட ஒப்பந்தம் கையைக் கட்டியிருந்தது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

எதிர்த் தரப்பு பதிலுக்குச் செலவைக் காட்டியது. ஐம்பதுக்கும் மேற்பட்ட சின்னக் கம்பெனிகளை வாங்கியது, 2013-ல் 110 கோடி டாலருக்கு டம்ப்ளர் வாங்கியது, கூகுளிலிருந்து கூட்டி வந்த ஹென்றிக் டி காஸ்ட்ரோவைப் பதினைந்தே மாதத்தில் அனுப்பிவைத்துச் சுமார் 5.8 கோடி டாலர் கொடுத்தது. டம்ப்ளருக்குக் கொடுத்த பணத்தில் பாதிக்கு மேல் 2016-க்குள் நஷ்டக் கணக்கில் எழுத வேண்டியதாயிற்று.

இதையெல்லாம் விட 2015-ன் வரவு செலவுக் கணக்கு முக்கியம். மொத்த வருமானம் 497 கோடி டாலர், முந்தின வருடம் 462 கோடி. அடடே, வளர்ச்சி! ஆனால் விளம்பரம் பார்க்க ஆள் அனுப்பும் மற்ற தளங்களுக்கு யாஹூ கொடுக்கும் பணம் அதே ஒரு வருடத்தில் 21.8 கோடியிலிருந்து 87.8 கோடிக்குத் தாவியிருந்தது. அதைக் கழித்தால் வருமானம் 440 கோடியிலிருந்து 409 கோடிக்குக் குறைந்திருக்கிறது. கூட்டத்தைக் காசு கொடுத்து லாரியில் ஏற்றி வந்துவிட்டு, "பாருங்கள், மாநாட்டுக்கு எவ்வளவு கூட்டம்" என்று சொன்ன மாதிரி. மேயரை மதிப்பிட ஒரே ஒரு எண்தான் பார்க்கலாம் என்றால் இதைத்தான் பார்க்க வேண்டும். பங்கு விலையை அல்ல.

2015 டிசம்பரில் ஸ்பிரிங்அவுல் என்ற நிதியைச் சேர்ந்த எரிக் ஜாக்சன் மேயரை மாற்றச் சொல்லி 99 பக்கத்துக்கு அறிக்கை வெளியிட்டார். 2016 பிப்ரவரியில் 15 சதவீத ஊழியர்கள் வேலை இழந்தார்கள். அதுவரை அவர்களுக்குக் காலாண்டுக்கு ஒரு முறை மார்க் போட்டு வரிசைப்படுத்தியது மேயரின் நிர்வாகம். மேயருக்கு வால் ஸ்ட்ரீட் போட்டதும் காலாண்டு மார்க்தான். என்ன வித்தியாசம் என்றால் ஊழியர்களுக்குப் பெயில் என்றால் உடனே வீடு.

மார்ச்சில் ஜெஃப்ரி ஸ்மித்தின் ஸ்டார்போர்டு நிதி, மொத்த இயக்குநர் குழுவையும் மாற்ற ஒன்பது பேர் பட்டியலோடு வந்தது. ஏப்ரலில் நான்கு இடம் கொடுத்துச் சமாதானமானார்கள். ஜூலையில் யாஹூவின் இணையத் தொழில் வெரைஸனுக்கு 483 கோடி டாலருக்கு விலை பேசப்பட்டது.

"4,460 கோடிக்குக் கேட்டதை 483 கோடிக்குக் கொடுத்துவிட்டார்கள்" என்று அன்று எல்லாப் பத்திரிகையும் எழுதியது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஒப்பீடு தப்பு. மைக்ரோசாஃப்ட் கேட்டது அலிபாபா பங்கும் யாஹூ ஜப்பானும் சேர்ந்த முழுக் கம்பெனியை. வெரைஸன் வாங்கியது வெறும் கடையை. நிலம் பழைய பங்குதாரர்களிடமே, பிறகு அல்டாபா என்று பெயர் மாறிய கம்பெனியில் நின்றது.

விலை பேசி முடித்த பிறகுதான் பூதம் கிளம்பியது. 2014-ல் 50 கோடிக் கணக்குகளின் விவரம் திருடு போனதை 2016 செப்டம்பரில் யாஹூ சொன்னது. டிசம்பரில், 2013-ல் வேறொரு திருட்டு, 100 கோடிக் கணக்கு என்றது. 2017 அக்டோபரில் அது திருத்தப்பட்டது: மொத்தக் கணக்கும், அதாவது 300 கோடியும். வெரைஸன் 35 கோடி டாலரைக் குறைத்துக்கொண்டது. மேயருக்கு 2016-க்கான போனஸ் இல்லை என்று இயக்குநர் குழு முடிவெடுத்தது. 2017-க்கான பங்கு ஊதியத்தை அவரே வேண்டாம் என்றார். 2014 திருட்டை முதலீட்டாளர்களிடம் மறைத்ததற்காக 2018 ஏப்ரலில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 3.5 கோடி டாலர் அபராதம் போட்டது. அதைக் கட்டியது கடையை வாங்கிய வெரைஸன் அல்ல, அலிபாபா பங்கை வைத்துக்கொண்டிருந்த அல்டாபா.